மன்றோ என்னும் பெயர்

திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் வழியாக வடக்கே செல்லும் வண்டியில் ஏறியவர்கள், கொல்லத்தைக் கடந்த சிறிது நேரத்தில் மரங்களும் நீரும் சூழ்ந்த ஒரு சிறு நிலையத்தைக் கண்டிருப்பர். அதன் பெயர் மன்றோ துருத்து. இதில் பின்பாதி நமக்குப் புதிய சொல்லன்று. ஆற்றிடையே நீர் சூழ நிற்கும் நிலத்தைத் துருத்தி என்பது பழந்தமிழ் வழக்கு. திருப்பூந்துருத்தி என்னும் ஊர்ப்பெயர் அதற்குச் சான்று. முன்பாதியோ ஸ்காட்லாந்து நாட்டுக் குடும்பப் பெயர். அது எங்கே பிறந்தது, என்ன பொருளுடையது, கேரளத்துக் காயலில் எவ்வாறு வந்து நின்றது என்பதைக் காண்போம்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், குரோமார்ட்டி என்னும் கடற்கழியின் கரையில் ஃபௌலிஸ் என்ற கோட்டை உள்ளது. மன்றோ குடித் தலைவர்களின் இருப்பிடம் அதுவே. ஆனால் அவர்கள் அம்மண்ணில் தோன்றியவர் அல்லர் என்பது அக்குடியின் மரபு. வட அயர்லாந்தில் டெரிப் பகுதியில் ரோ என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கழிமுகத்திலிருந்து, ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டில், முன்னோர் கடல் கடந்து வந்தனர் என்பர். கேலிக் மொழியில் ‘புன்’ என்றால் அடி, ஆற்றின் முகம். ‘புன் ரோ’ என்பது ரோ ஆற்றின் முகம். அம்மொழியில் முன்வரும் சொல்லுக்கேற்ப அடுத்த சொல்லின் முதலெழுத்து மாறும்; அவ்வாறு பகரம் மகரமாகத் திரிந்து மன்றோ ஆயிற்று என்பது பலர் தரும் விளக்கம். திரிதல் விகாரம் படித்த நமக்கு இது வியப்பன்று. இன்றும் கேலிக் மொழியில் இக்குடியினரை ‘ரோவைச் சார்ந்தவர்’ என்று பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர்.

வந்த கதை மரபுச் செய்தி. எழுத்துச் சான்று பின்னரே கிடைக்கிறது. 14ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘ராபர்ட் டி மன்றோ’ என்பவர் காணப்படுகிறார். இடையே நிற்கும் ‘டி’ என்பதற்கு ‘இன்ன ஊரின்’ என்பது பொருள். ஆகவே, மன்றோ என்பது முதலில் ஊரைக் குறித்து நின்ற சொல்லே.

இங்கே நம் வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார் எனச் சங்கப் புலவர்களும் ஊரால் பெயர் பெற்றனர். இன்றும் நம்மில் பலர் ஊரின் முதலெழுத்தையும் தந்தையின் முதலெழுத்தையும் பெயருக்கு முன் இட்டுக்கொள்கிறோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் முன்னெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஊர் மாறினால் ஊரெழுத்தும் மாறலாம். அவர்களிடத்திலோ ஊர்ப்பெயர் உறைந்து போயிற்று. ஆற்றை விட்டுப் போனவனும் ஆற்றின் பெயரைச் சுமந்தான். அவன் பேரனும் சுமந்தான். ஊரை விட்டு நகர்ந்துவிட்ட ஊர்ப்பெயரே இத்தகைய குடும்பப் பெயர் எனலாம். விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் கண்டு நாம் விழிப்பதற்கும் இதுவே காரணம்.

ஒரு பெயரினர் எல்லாரும் ஒரே குருதியினர் என்றும் கொள்ளலாகாது. மலைநாட்டுக் குடித்தலைவனை அண்டி வாழ்ந்த உழவரும் ஏவலரும் அவன் பெயரையே தமதாக்கிக்கொண்டதுண்டு. எழுத்தும் ஒன்றாக நில்லவில்லை. ஆங்கிலத்தில் இப்பெயரை நான்கு விதமாகவேனும் எழுதுவர்.

பரவியதற்குப் பெருங்காரணம் போர். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில் மன்றோக்கள் பலர் சுவீடன் படையில் கூலிக்குப் போரிட்டனர். 1651இல் வூஸ்டர் போரில் தோற்றுச் சிறைப்பட்ட ஸ்காட்லாந்தியருள் பலர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மன்றோக்களும் இருந்தனர். வர்ஜீனியாவில் குடியேறிய மற்றொரு மன்றோவின் வழியில் வந்தவர் ஜேம்ஸ் மன்றோ. 1817 முதல் 1825 வரை அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர். ஆப்பிரிக்காவில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கென எழுந்த குடியேற்றத்தின் தலைநகருக்கு 1824இல் அவர் பெயரால் மன்ரோவியா என்று பெயரிட்டனர். லைபீரியாவின் தலைநகர் இன்றும் அதுவே. திரைநடிகை மர்லின் மன்றோ, தம் தாயின் பிறந்தகப் பெயரையே திரைப்பெயராகக் கொண்டார். ஸ்காட்லாந்திலோ இப்பெயர் பொதுச்சொல்லாகவே மாறிவிட்டது. 1891இல் சர் ஹியூ மன்றோ என்பவர் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைமுடிகளைப் பட்டியலிட்டார். அன்றுமுதல் அத்தகைய முடி ஒவ்வொன்றும் ‘ஒரு மன்றோ’!

இந்தியாவுக்கு இப்பெயர் வந்ததும் வாளோடுதான். 1764இல் பக்சார் போரில் கம்பெனிப் படையை நடத்தியவர் ஹெக்டர் மன்றோ. அடுத்து, தமிழர் நன்கறிந்த தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவில் 1761இல் பிறந்த அவர், சேலம், பாராமகால் பகுதிகளில் நிலவரிப் பணியாற்றினார்; இரயத்துவாரி முறையை வளர்த்தார்; 1820 முதல் சென்னை ஆளுநராக இருந்து, 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் வீற்றிருக்கும் சிலை அவருடையது. அவரையே திருவிதாங்கூர்த் திவானாகவும் கருதிவிடுவோர் நம்மில் உளர். அது பிழை. இங்கே வந்தவர் ஜான் மன்றோ; அவர் வேறு.

ஜான் மன்றோ (1778-1858) ஃபௌலிஸ் நாட்டை அடுத்த டீனினிச் என்னும் கிளைக் குடும்பத்தவர். சென்னைப் படையில் பணிபுரிந்தவர். வேலுத்தம்பி தளவாய் 1809இல் வீழ்ந்தபின், 1810இல் ரெசிடெண்டாகத் திருவிதாங்கூர் வந்தார். அடுத்த ஆண்டே ராணி கௌரி லட்சுமி பாயின் திவானாகவும் அமர்ந்து 1814 வரை அப்பதவியில் இருந்தார். கம்பெனியின் ஆளும் அரசின் அமைச்சரும் ஒருவரே என்றால், அரசின் கை எவ்வளவு கட்டுண்டிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எனினும் அவர் காலத்துச் செயல்கள் சில நாட்டின் போக்கையே மாற்றின. கோயில் சொத்துகள் அரசின் மேலாண்மைக்கு வந்தன. நீதிமன்றங்கள் ஒழுங்குபெற்றன. 1812இல் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் அரசாணை பிறந்தது. ஆனால் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளை அது தொடவில்லை.

கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்குமிடத்தில் அமைந்த தீவுகள், கோட்டயத்தில் சிரியக் கிறித்தவருக்கென எழுந்த கல்லூரிக்குக் கொடையாக அளிக்கப்பட்டன. அதற்குத் துணைநின்ற மன்றோவின் பெயர் அந்நிலத்துக்கு ஆயிற்று. நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். ‘ஆற்றின் முகம்’ என்று பொருள்படும் பெயர், வேறோர் ஆற்றின் முகத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது! பெயரிட்டவர் எவரும் இதை எண்ணியிருக்க மாட்டார். ஊர் மனிதனுக்குப் பெயராயிற்று. மனிதன் பெயர் மீண்டும் ஊருக்காயிற்று. ஆனால் எங்கும் அவ்வாறு நிகழவில்லை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரசரிடம் மூணாற்று மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்த் தமிழ்த் தொழிலாளர் தேயிலை வளர்த்த அம்மலைகளுக்குக் கண்ணன் தேவன் என்ற பெயரே நிலைத்தது.

பெயர் நிலைத்த இடத்திலோ இன்று நிலம் நிலைக்கவில்லை. செங்கோட்டை வழியாக வரும் மாணவர்கள் ஆரியங்காவில் காணும் பாலருவியின் நீரும் கல்லடா ஆற்றுக்கே செல்கிறது. அவ்வாறு கொண்டுவந்த வண்டலே மன்றோ துருத்தை உயர்த்திவந்தது. தென்மலையில் 1986இல் இயங்கத் தொடங்கிய அணை அவ்வண்டலைத் தடுத்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் நிலைமை மோசமாயிற்று என்று ஊரார் கூறுகின்றனர். அடிமண்ணும் இளகியது; ஏற்றத்தின்போது உப்புநீர் முற்றத்தில் ஏறுகிறது. வீடுகள் அமிழ்ந்தும் விரிசல்விட்டும் போக, குடும்பங்கள் பல கரையேறிவிட்டன. மலையாளத்தில் இவ்வூர்ப் பெயரின் தொடக்கத்தை ‘மண்’ என்றே எழுதுவர். மண்ணோ கரைந்துகொண்டிருக்கிறது.

வெளியேறுவோர் தம் வீட்டுப்பெயரைக் கொண்டுசெல்வர். அது மலையாளிகளின் வழக்கம். வீடு நீருக்குள் போனாலும் பேரன் அப்பெயரைச் சொல்வான். ரோ ஆற்றங்கரையை விட்டுக் கடலேறிய முன்னோரும் இதைத்தானே செய்தனர்? ஆகவே ஒருவருடைய குடும்பப் பெயரையோ வீட்டுப் பெயரையோ கேட்கும்போது, அது எந்த மண்ணின் பெயர் என்றும், அம்மண் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்றும் கேட்டறிவோம். அடுத்த விடுமுறையில் அச்சிறு நிலையத்தில் இறங்கி அங்கிருந்தே தொடங்கலாம்.