கொடிக்காலுக்குத் தண்ணீர், கொடுவாவுக்குத் தூண்டில்

பிசானம் அறுத்து முடிந்து வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டால், தாமிரபரணிக் கடைமடையில் ஏரல், ஆத்தூர், குரும்பூர் பக்கம் இருக்கும் உங்களில் பலருக்குக் கோடைக்கு மிஞ்சுவது பண்ணைக்குட்டைத் தண்ணீர்தான். அதை நம்பித்தான் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நிற்கின்றன. அதே தண்ணீரில் மீனும் விட்டிருந்தால் சித்திரை, வைகாசியில் ஒரு கேள்வி வந்தே தீரும். இருக்கிற தண்ணீர் பயிருக்கா, மீனுக்கா?

நான் உழவியல் படித்தவன். பயிருக்கு எத்தனை நாள் இடைவெளியில், எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் என்று கணக்குச் சொல்வது என் தொழில். ஆனாலும் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்ப நிலத்துக் குட்டையில் கொடுவா விட்டபோது இந்தக் கணக்கைப் போட மறந்தேன். மீன் இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று காத்திருந்தேன். வாழைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வைகாசியில் ஒரு நாள் மாலை கோடை மழை தூறிவிட்டு, இரவெல்லாம் மேகம் மூடிக் கிடந்தது. விடியற்காலை நான்கரை மணிக்குத் தோட்டத்தில் இருந்தவர் போன் செய்தார். “அண்ணாச்சி, மீனு பூரா மேல வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்கு, சட்டுன்னு வாங்க” என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் பாதி மீன் மிதந்துவிட்டது. மீதியைக் காப்பாற்றலாம் என்று ஆள் கூப்பிட்டு வலை இழுத்தோம். சேறு கலங்கி அதுவும் போயிற்று. பத்து மாத உழைப்பு ஒரே காலையில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கோடை தொடங்கியதும் சிறு மிதவையில் உட்கார்ந்து, தூண்டிலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுவாவை எடுத்துவிடுவதே அந்த வழி.

முதலில் தண்ணீர்க் கணக்கு

குட்டை 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். ஓர் ஏக்கர் வாழைக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் விட்டால், ஏறக்குறைய 200 கன மீட்டர் போகும். குட்டையில் அது 22 சென்டிமீட்டர் இறக்கம். மாதத்துக்கு நாலு தண்ணீர் என்றால் 88 சென்டிமீட்டர். நம் கடற்கரையில் வெயிலும் காற்றும் சேர்ந்து குடிப்பது தனி. உப்பளம் இங்கே செழிப்பதும் அந்த வெயில் காற்றால்தான். மே மாதத்தில் நாளுக்கு ஆறேழு மில்லிமீட்டர் என்று வைத்தாலும் மாதம் 20 சென்டிமீட்டர் ஆவியாகிவிடும். ஆக, நிறைந்திருந்த குட்டை ஒரே மாதத்தில் ஒரு மீட்டருக்குக் கீழே வந்துவிடுகிறது. கரை சரிவாக வெட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

மீனின் எடை குறையவில்லை, இடம் மட்டும் பாதியாகிவிட்டது. தண்ணீரும் சூடேறிவிட்டது. 25 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நன்னீர் 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் அது 7-க்கும் கீழே இறங்கிவிடும். கொடுவாவுக்கு 26 முதல் 32 டிகிரி சூடும், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாத ஆக்சிஜனும் இருந்தால் நல்லது. பச்சைப் பாசி மண்டிய குட்டையில் பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும், இரவில் அதுவே குடிக்கும். அதனால்தான் விடியற்காலையில் ஆபத்து. மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் விடியல் அதைவிட மோசம்.

நான் செய்த பெரிய தவறு அந்த நேரத்தில் வலை இழுத்தது. தண்ணீர் முழங்காலளவு ஆனபின் வலையை இழுத்தால் அடிச்சேறு கிளம்பும். மக்கிய கழிவு தண்ணீரில் கலந்து, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். குட்டையில் இருக்கிற அத்தனை மீனையும் அன்றே கரையேற்றி, ஐஸில் போட்டு விற்றுவிட வழி இருந்தால் மட்டும் வலை இழுங்கள். பத்து கிலோ, பதினைந்து கிலோ என்று எடுக்கத் தூண்டில் போதும். சேறு கலங்காது, மிச்ச மீன் பதறாது.

ஏன் கொடுவா?

கட்லா, ரோகுவை யாரும் இப்படிப் பிடிக்கச் சொல்ல மாட்டார்கள். கொடுவா வேட்டை மீன். மறைவில் நின்று, எதிரே ஓடும் சிறு மீனையும் இறாலையும் பாய்ந்து விழுங்கும். அதனால் தூண்டிலுக்கு நன்றாக வரும். இது கடலில் முட்டையிடும், நன்னீரிலும் வளரும். உவர்நீர், உப்புநீர், நன்னீர் எல்லாம் அதற்குச் சம்மதம். புன்னைக்காயல் கழிமுகத்தில் வலைக்கு வரும் கொடுவாவும் உங்கள் குட்டைக் கொடுவாவும் ஒரே இனம். குட்டையில் அது ஒருபோதும் பெருகாது. இளமையில் பெரும்பாலும் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன் இது. அந்த வயது வரை நம் குட்டையில் இருக்கப் போவதும் இல்லை. விட்டதைத்தான் எடுக்க முடியும்.

இந்தியாவில் இதைச் சிறைப்பட்ட நிலையில் முதன்முதலாக இனப்பெருக்கம் செய்தது சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். அது 1997-ல் நடந்தது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையத்தின் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இதே மீனுக்குப் பாரமுண்டி என்று பெயர். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அணைக்கட்டு ஏரிகளில் குஞ்சு விட்டு வளர்த்து, கயாக் எனப்படும் ஒருவர் படகிலும் பெரிய படகிலும் போய்த் தூண்டிலில் பிடிக்கிறார்கள். ஏரியில் இது பெருகாது என்பதால் பிடிக்க வருகிறவர்களிடம் அனுமதிக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் மறுபடியும் குஞ்சு விடுகிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு அறுவடை. அமெரிக்கர் கோடையில் ஏரிகளில் பிடிக்கும் பாஸ் மீன் வேறு. அதைக் கொண்டுவந்து விடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். அயல் வேட்டை மீன் நம் குளத்துக்குள் புகுந்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

மிதவையும் தூண்டிலும்

கரையில் நின்றே வீசினால் போதாதா என்று கேட்பீர்கள். சின்னக் குட்டைக்குப் போதும். ஆனால் வெயில் ஏற ஏறக் கொடுவா ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்விடும். குட்டை நடுவில் நட்ட கம்பு, பம்பு மேடை, பழைய கட்டை, இவற்றின் ஓரத்தில்தான் நிற்கும். அங்கே சத்தமில்லாமல் போக ஒருவர் உட்காரும் மிதவை வேண்டும். கயாக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் குளங்களில் மீன் பிடிப்பவர்கள் தெர்மாகோல் அட்டைகளை அடுக்கிக் கட்டி அதில்தானே உட்கார்ந்து போகிறார்கள்? அது போதும். தெர்மாகோலைச் சாக்குக்குள் வைத்துத் தைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளைத் துணுக்குகள் உதிர்ந்து தண்ணீரெல்லாம் மிதக்கும். லாரி டியூப் வேண்டாம். சீமைக் கருவேல முள் ஒன்று போதும், நடுத் தண்ணீரில் காற்று இறங்கிவிடும். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள், கரையில் ஒருவர் இல்லாமலும் போகாதீர்கள். பிளாஸ்டிக் விரித்த குட்டையில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் கரையேறுவது சிரமம், பாசி வழுக்கும். நீளக் கயிறு ஒன்றைக் கரையிலிருந்து தண்ணீருக்குள் எப்போதும் தொங்கவிடுங்கள்.

தூண்டிலுக்கு 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தங்கூஸ் நரம்பு போதும். முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்கு இன்னும் தடித்த நரம்பு கட்டுங்கள், ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. நரம்பையும் அறுக்கும், உங்கள் விரலையும் அறுக்கும். மீனைச் செவுளில் கைவிட்டுத் தூக்காதீர்கள். கைவலையால் அள்ளி, ஈரத் துணியால் பிடியுங்கள். இரைக்கு உயிருள்ள இறால் அல்லது விரல் நீள ஜிலேபி நல்லது.

நேரத்தைப் பற்றி நான் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொடுவா விடியலிலும் அந்தி மங்கும்போதும் இரை எடுக்கும் என்பார்கள். ஆற்றில் அது சரி. பாசி மண்டிய குட்டையில் கோடை விடியலில் ஆக்சிஜன் குறைந்து கிடப்பதால் மீன் சோர்ந்திருக்கும், இரையைப் பார்த்தும் அசையாது. மாலை நாலரை மணிக்கு மேல் இருட்டும் வரைதான் எனக்கு நன்றாகக் கிடைத்திருக்கிறது. இதில் இன்னொரு பயனும் உண்டு. போன வாரம் விடியலில் கடித்த மீன் இந்த வாரம் கடிக்கவில்லை என்றால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தீனி போடாதீர்கள், பம்பைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், வாழைக்கு விடும் தண்ணீரை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். கருவி வாங்க முடியாதவருக்குத் தூண்டில்தான் கருவி.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குட்டையில் விடுவதானால் உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விடுங்கள், நிலத்தடியில் இருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கொடுவா உப்பைத் தாங்கும் என்பதற்காக உப்பேறிய கிணற்று நீரை நிரப்பும் ஆசை மட்டும் வேண்டாம். மீன் பிழைக்கும், கொடிக்கால் பிழைக்காது. கசிந்தால் பக்கத்துக்காரர் நிலமும் கெடும். கடலோர உவர்நீர் வளர்ப்புக்குக் கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும், அது வேறு தொழில். அதேபோல் குளம், கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருப்பார். அவரைக் கேட்காமல் மிதவையை இறக்காதீர்கள். வேறு குளத்தில் ஓட்டிய மிதவை என்றால் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு இறக்குங்கள், ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று ஒட்டி வந்தாலும் வேலைதான்.

எப்போது தொடங்குவது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தூத்துக்குடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும், நல்ல மீனுக்குத் தட்டுப்பாடு இருக்கும். உங்கள் குட்டைத் தண்ணீர் இறங்கும் காலமும் அதுவேதான். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு தண்ணீர் பாய்ச்சுவதற்கும் முன் மாலை மீனில் எட்டில் ஒரு பங்கு எடுத்தால், மே கடைசியில் குட்டை அடி தெரியும்போது மீனும் தீர்ந்திருக்கும். முக்கால் கிலோவுக்கு மேல் உள்ளதை முதலில் எடுங்கள். பெரிது சின்னதைத் தின்னும் மீன் இது. சின்னது மாட்டினால் தண்ணீரை விட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றிவிடுங்கள். முள்ளின் கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் இது சுலபம்.

முதலில் வாங்குகிறவரிடம் பேசி முடியுங்கள், பிறகு தூண்டிலை எடுங்கள். ஐஸ் பெட்டியை மிதவையிலேயே வையுங்கள். பிடித்த உடனே செவுளருகே கீறி இரத்தத்தை வடித்து, மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டால் இரவு முழுக்க நிறம் மாறாது. மே வெயிலில் சாக்கில் போட்டு அரை மணி நேரம் வைத்த கொடுவாவை எந்தக் கடைக்காரரும் பாதி விலைக்குத்தான் கேட்பார்.

குட்டை வற்றிய பின் அடிவண்டலை வழித்துக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் போடுங்கள். தரை வெடிக்கும் வரை காயட்டும். வாய்க்காலில் கார் பருவத் தண்ணீர் வந்ததும் நிரப்பி, கூடவே வரும் ஜிலேபி பெருக ஒன்றிரண்டு மாதம் விடுங்கள், அதன் குஞ்சுதான் கொடுவாவுக்குத் தீனி. அப்படி ஜிலேபியை நம்பி வளர்ப்பதானால் ஹெக்டேருக்கு 3,000 முதல் 5,000 கொடுவாதான் தாங்கும். மேலே சொன்ன குட்டைக்கு 300 போதும். நாலு அங்குலத்துக்குக் குறையாத, ஒரே அளவுள்ள, நன்னீருக்குப் பழக்கிய குஞ்சாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். உப்புநீரிலிருந்து நேராகக் கொண்டுவந்து நன்னீரில் கொட்டினால் அன்றைக்கே நஷ்டம்.