உணவகங்களில் சைவ, நனிசைவ உணவுகளை ஊக்குவித்தல்

புலால், மீன், முட்டை ஆகியவற்றைத் தவிர்க்கும் உணவுமுறை தமிழ்நாட்டில் சைவ உணவு எனப்படுகிறது. இவற்றுடன் பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் முதலிய விலங்குவழிப் பொருட்கள் அனைத்தையும் விலக்குவது நனிசைவம் ஆகும். நனிசைவத்தைக் குறிக்கும் ‘வீகன்’ என்ற சொல், 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியபோது வழக்கிற்கு வந்தது. இவ்வகை உணவுகளை உணவகங்கள் கூடுதலாக வழங்குவதற்கான தேவையும் வழிகளும், சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றை முன்வைத்துக் கீழே விளக்கப்படுகின்றன.

பின்னணி

சென்னையில் சைவ உணவகங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கிருஷ்ணா ராவ் 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் உணவு விடுதியைத் தொடங்கினார். 1981இல் கலைஞர் கருணாநிதி நகரில் தொடங்கப்பட்ட சரவண பவன் பின்னர் வெளிநாடுகளிலும் கிளை பரப்பியது. இவ்வகை உணவகங்களின் சிறப்புகளாகக் கருதப்படும் நெய் தோசை, வெண்பொங்கல், தயிர் வடை, வடிகட்டிய காப்பி ஆகியவற்றில் பாலோ பால் பொருளோ உண்டு. ஆகவே சைவ உணவகம் பெருகியதால் மட்டும் நனிசைவ உணவு பெருகிவிடவில்லை.

சைவ உணவு என்னும் பேச்சு இங்கு சாதியோடும் பிணைந்திருந்தது. உணவகப் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்று எழுதுவதை எதிர்த்து 1957இல் சென்னையில் பெரியார் போராட்டம் நடத்தினார். உணவின் பெயரால் மனிதரைத் தரம் பிரிப்பது குறித்த அந்தக் கேள்வி இன்றும் நீங்கவில்லை. எனவே பட்டியலில் புதிய உணவுகளைச் சேர்க்கக் கோருவது ஒன்று. புலால் உண்பவரைத் தாழ்வாகப் பேசுவது வேறொன்று. முன்னதற்கு மட்டுமே பரவலான ஆதரவு கிடைக்கும்.

தேவை

2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்பு அடிப்படை ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் சைவ உணவுக்குத் தேவையே இல்லை என்று தோன்றும். ஆனால் அசைவம் உண்பவர்கள் எல்லா நாளும் அதை உண்பதில்லை. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை ஆகிய நாட்களிலும், புரட்டாசி மாதத்திலும், சபரிமலைக்கு மாலை அணிந்த காலத்திலும் பல குடும்பங்கள் புலாலைத் தவிர்க்கின்றன. கிறித்தவர் பலர் தவக்காலத்தில் தவிர்க்கின்றனர். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில், மாங்காடு காமாட்சியம்மன் கோயில், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் ஆகியவை அமைந்துள்ள இப்பகுதியில் அத்தகைய நாட்களில் வெளியூர் மக்களும் வந்து சேர்கின்றனர். அதாவது, சைவ உணவின் தேவையை ஆட்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. நாட்களின் எண்ணிக்கையாலும் அளக்க வேண்டும்.

நான்கு பேர் சேர்ந்து உண்ணச் செல்லும்போது ஒருவர் சைவமாக இருந்தால், அவருக்கும் ஏற்ற கடையையே மற்றவர்கள் தேர்ந்தெடுப்பது வழக்கம். பட்டியலில் நல்ல சைவ உணவு இல்லாத கடை, அந்த ஒருவரை மட்டுமன்றி நால்வரையும் இழக்கிறது.

மறைந்திருக்கும் பொருட்கள்

சைவம் என்று விற்கப்படும் உணவில் பிற பொருட்கள் கலந்திருப்பது நனிசைவர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல். குருமாவில் தயிர், ரவா தோசை மாவில் மோர், நாணில் பால் அல்லது தயிர், பருப்புத் தாளிப்பில் நெய் ஆகியவை சேர்க்கப்படலாம். பரோட்டா மாவில் சில கடைகள் முட்டை சேர்க்கின்றன. காய்கறி நூடுல்சும் முட்டை நூடுல்சும் ஒரே சட்டியில் வதக்கப்படுவதும் உண்டு.

மறுபுறம், தமிழர் சமையலில் பால் தேவைப்படாத உணவுகள் நிறைய உள்ளன. இட்லி, இடியாப்பம், புட்டு, அடை, தேங்காய்ப்பாலுடன் ஆப்பம், சுண்டல், புளியோதரை, எலுமிச்சைச் சாதம், வத்தக்குழம்பு, பொரியல் ஆகியவை அவற்றுள் சில. பொங்கலை நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் தாளிக்கலாம். குருமாவில் தயிருக்குப் பதில் தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றலாம். பலாக்காய், காளான், சோயா உருண்டை ஆகியவற்றைக் கொண்டு பிரியாணி செய்யலாம். பாலில்லாத சுக்குக் காப்பி பல ஊர்களில் ஏற்கெனவே விற்பனையாகிறது.

பொது முன்மாதிரி

2013 பிப்ரவரி 19 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகம் முழுவதும் சைவ உணவகமே. இட்லி 1 ரூபாய்க்கும், சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும், தயிர்ச் சாதம் 3 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. 2011இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட அம்பத்தூருக்கும் இத்திட்டம் வந்தது. இங்கே வரிசையில் நின்றவர்கள் சைவக் கொள்கைக்காக வரவில்லை. மலிவாகவும் சூடாகவும் வயிறு நிறையக் கிடைத்ததால் வந்தனர். விலையும் சுவையும் சரியாக இருந்தால் எல்லாத் தரப்பினரும் சைவ உணவை உண்பர் என்பதை இது காட்டுகிறது.

சட்டமும் குறியீடுகளும்

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பொட்டல உணவுகளில் சைவத்துக்குப் பச்சை வட்டமும், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணமும் இடப்படுகின்றன. முட்டை அசைவத்தில் அடங்கும், பால் அடங்காது. ஆகையால் பச்சை வட்டம் நனிசைவருக்குப் போதுமான வழிகாட்டி அன்று. நனிசைவ உணவுகளுக்கெனத் தனி ஒழுங்குமுறை 2022இல் வெளியிடப்பட்டு, தனிக் குறியீடும் வழங்கப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வாமை தரும் பொருட்களைப் பட்டியலில் தெரிவிக்க வேண்டும் என 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை கூறுகிறது. அப்பொருட்களுள் பாலும் ஒன்று என்பதால் இவ்விவரம் நனிசைவருக்கும் உதவும்.

ஊக்குவிக்கும் வழிகள்

திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் செயந்தி ஆகிய நாட்களில் சென்னையில் இறைச்சிக் கடைகள் மூடப்படுகின்றன. தடை ஒரு நாளோடு முடிந்துவிடும். உணவு வகைகளைக் கூட்டுவதன் பயன் நீடிக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக உணவகங்களில் நடந்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. நான்கு உணவுகளில் ஒன்றாக இருந்த சைவத்தை இரண்டாக உயர்த்தியபோது, சைவ விற்பனை 40 முதல் 80 விழுக்காடு வரை கூடியது. மொத்த விற்பனை குறையவில்லை.

- வாடிக்கையாளர் பொதுவாகக் கேட்பதைவிட, ‘நெய் இல்லாமல் பொங்கல் கிடைக்குமா?’ என்பது போலத் திட்டவட்டமாகக் கேட்பது பயன் தரும்.
- விற்காமல் வீணாகும் என்ற அச்சத்தைத் தவிர்க்க, கடைக்காரர் ஏற்கெனவே செய்யும் உணவிலிருந்தே தொடங்கலாம். இட்லி, சாம்பார் போன்றவற்றில் ‘பால் சேர்க்கப்படவில்லை’ என்று எழுதுவதற்குச் செலவில்லை.
- சைவத்துக்குத் தனிச் சட்டியும் கரண்டியும் வைப்பது நம்பிக்கையை வளர்க்கும்.
- அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிப் படைத்துறை ஆலைகளும் உள்ள இப்பகுதியில் ஆலை உணவகங்கள் முக்கியமானவை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் உணவகம் அமைக்கவும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் இடம்பெறவும் வழிவகுத்தது. இத்தகைய குழுக்கள் மூலம் கோரிக்கையை முன்வைக்கலாம்.

நலம்

நனிசைவ உணவில் பருப்பு, பயறு, நிலக்கடலை, எள், கீரை ஆகியவை போதிய அளவில் இருக்க வேண்டும். உயிர்ச்சத்து பி12 தாவர உணவிலிருந்து போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆதலால் நனிசைவத்தைத் தொடர்ந்து பின்பற்றுவோர் செறிவூட்டிய உணவு அல்லது மாத்திரை குறித்து மருத்துவரின் அறிவுரை பெறுவது நல்லது.