ஓசையற்ற களவு

திரைப்படமெனின் பாட்டும் பேச்சும் ஓயாதிருத்தல் வேண்டும் என எண்ணுவார் பலர். அவ்வெண்ணத்தை அசைத்ததொரு படத்தைப்பற்றி ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம். அது 1955ஆம் ஆண்டிற் பிரான்சு தேயத்தில் வெளிவந்த ‘ரிஃபிஃபி’ என்பது. அச்சொல் பாரிஸ் நகரத்துக் கள்வர் வழங்கும் குழூஉக்குறி; அடிதடி எனப் பொருள்படும்.

சிறையினின்று மீண்ட டோனி என்பான் ஜோ, மாரியோ, சேசார் என்னும் மூவரொடு கூடி நகைக்கடையொன்றிற் கன்னமிடுகின்றான். கடைக்கு நேர் மேலுள்ள வீட்டிற் புகுந்து தளத்தைத் துளைக்கின்றனர். சிறு துளை விழுந்ததும் மடக்கிய குடையொன்றை அதன்வழிச் செலுத்திக் கீழே விரிக்கின்றனர். உதிருங் காரையெல்லாம் குடைக்குள் வீழ்கின்றது. தரையில் வீழ்ந்து ஒலிப்பதில்லை. அபாயமணியின் வாயைத் தீயணைக்கும் நுரையால் அடைக்கின்றனர். ஏறக்குறைய அரைமணி நேரம் நிகழும் இக்காட்சியில் ஒரு சொல்லுமில்லை, இசையுமில்லை. ஓர் இருமல் கேட்பினும் நம் நெஞ்சு துணுக்குறும். இசையமைத்த ஜார்ஜ் ஓரிக் என்பார் இதற்கென இசை எழுதியேயிருந்தனர். இயக்குநர் அதனோடும் அஃதின்றியும் இருமுறை காட்டவே, இசை வேண்டா என அவரே உடன்பட்டனர். தம் உழைப்பைத் தாமே விலக்கும் கலைஞர் அரியரன்றோ!

இயக்குநர் ஜூல்ஸ் தாசின். பெயர் பிரெஞ்சுப் பெயர்போல் ஒலிப்பினும் அவர் அமெரிக்கர். 1951இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவின்முன் அவருடைய தொழிற்றோழரே அவரைப் பொதுவுடைமையர் எனச் சொல்ல, ஹாலிவுட்டின் கதவுகள் அடைபட்டன. சில ஆண்டுகள் படமின்றி வருந்தியபின் வாய்த்தது இப்படம். இதிற் சேசார், தான் எடுத்த மோதிரமொன்றாற் பகைவர் கையிற் சிக்கி, அச்சத்தால் தோழரைக் காட்டிக்கொடுக்கின்றான். அவனை விரும்பியிருந்தும் டோனி அவனைக் கொல்கின்றான். சேசாராக நடித்தவர் தாசினே. முதலிற் குறித்த நடிகர் கிடையாமையால் நேர்ந்ததெனினும், காட்டிக்கொடுக்கப்பட்டவரே காட்டிக்கொடுத்தவன் வேடம் புனைந்தமை நம் உள்ளத்தை விட்டகலவில்லை.

கான் விழாவில் அவ்வாண்டே சிறந்த இயக்குநர் பரிசை அவர் மற்றொருவரோடு பகிர்ந்து பெற்றார். அக்காலத்துத் திறனாய்வாளராயிருந்த பிரான்சுவா திரூஃபோ, தாம் படித்தவற்றுள் மிக இழிந்த குற்றக்கதையினின்று மிகச் சிறந்த குற்றப்படம் பிறந்ததெனப் பாராட்டினார். மூலமான ஒகுஸ்த் லெ பிரெத்தோனின் நாவலிற் களவு சில பக்கங்களே. தாசின் அதனைப் படத்தின் காற்பங்காக்கினார்.

இகழ்ந்தாரும் இலரல்லர். களவு கற்பிக்கும் படமெனச் சில தேயங்கள் தடுத்தன. அமெரிக்காவிற் கத்தோலிக்கர் சார்பிற் படங்களைத் தரம்பிரித்த ஒழுக்கப் பேரவை முதலிற் கண்டித்தது; சிறு வெட்டுக்களும், தொடக்கத்தில் நீதிமொழிகள் ஆகமத்தினின்று ஒரு வசனமும் சேர்ந்தபின்னரே கண்டனம் தளர்ந்தது. அவ்வசனம் மிகையெனவே கருதுகின்றோம். நால்வரும் மாள்கின்றனர், கவர்ந்த பொருளை எவனும் துய்க்கவில்லை. எனினும் கண்டித்தாரை முற்றும் தவறுடையார் என்னவும் துணியோம். அவ்வரைமணி நேரமும், குடை தவறி ஓசையெழலாகாதே என்று, கள்வர் பக்கலே நின்று நாமும் வேண்டிக்கொண்டிருந்தோம்.