கடைமடை சொல்லும் கணினிப் பாடம்

காரைக்காலில் கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் தங்கை மகன், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சிறிய மேசைக் கணினி ஒன்றை வாங்கினான். தங்கை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. படிப்புக்குக் குறையில்லை, ஆனால், விளையாடத் தொடங்கினால் காட்சிகள் விட்டுவிட்டு நகர்ந்தன. “தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததுதான் காரணமாம், மாமா. இதை விற்றுவிட்டுப் பெரியதாக வாங்கச் சொல்கிறார்கள்” என்றான். பெட்டியைத் திறந்து பார்த்தேன்; குறை வேறிடத்தில் இருந்தது.

அதிலிருந்தது 2021இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 5 5600ஜி செயலி. கணக்கிடும் பகுதியும் படம் வரையும் பகுதியும் அதில் ஒரே சில்லில் இருக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. சில்லுக்குள் இருக்கும் வரைகலைப் பகுதிக்கு அது இல்லை. கணினியின் ரேமையே செயலியோடு அது பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே, ரேமிலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவு வந்து சேர்கிறது என்பதே ஆட்டத்தின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

காவிரியின் கடைமடையில் வாழ்வோருக்கு இது எளிதில் விளங்கும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி ஒதுக்கியது. ஒதுக்கீடு ஏட்டில் இருந்தாலும், வாய்க்கால் வழிவிட்டால்தானே வயலுக்குத் தண்ணீர்? ரேமின் கொள்ளளவு அணை நீர் போன்றது. அது சில்லை அடையும் தடம் வாய்க்கால்.

டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்றை மட்டும் பொருத்தினால், நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு பாயும். உரிய இரு இடங்களில் இரண்டைப் பொருத்தினால் 51.2 ஜிபி. தங்கை மகனின் கணினியில் 16 ஜிபி ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தது. அதை மாற்றி, 8 ஜிபி துண்டுகள் இரண்டைப் பொருத்தினோம். கொள்ளளவு அதேதான், ஆட்டம் சீராக ஓடியது.

இதற்கும் எல்லை உண்டு. 8 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் நொடிக்கு 224 ஜிபி பாயும். ரைசன் 5600ஜியில் 7 வரைகலை அலகுகள். 2024இல் வந்த ரைசன் 7 8700ஜியில் 12. ஆயினும் அதுவும் பொது ரேமையே நம்பியிருக்கிறது. எனவே, புதிய பேராட்டங்களை உயர்ந்த தெளிவில் ஆட விரும்புவோருக்குத் தனி கார்டு தேவை. ஆனால், அந்த கார்டு ஒன்றே 130 வாட் வரை மின்சாரம் எடுக்கும். 5600ஜி செயலி முழுமைக்கும் வரையறுக்கப்பட்ட அளவு 65 வாட். கையடக்கப் பெட்டிகள் பலவற்றில் அத்தகைய கார்டுக்கு இடமும் இல்லை. பழைய ஆட்டங்களையும் எளிய ஆட்டங்களையும் மிதமான தெளிவில் ஆட இச்சில்லே போதும்.

விளம்பரங்கள் ‘16 ஜிபி’ என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒன்றா, இரண்டா என்று சொல்வதில்லை. வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே. அதைக் கேட்காமல் போனதால், நல்ல கணினி ஒன்றைப் பாதி விலைக்கு விற்றிருப்போம்.