வயற் கணக்கெடுப்புக்கு ஏற்ற டெப்பைத் தெரிவு செய்தல்

விதைத்த நிலத்தின் விஸ்தீரணத்தையும், வெள்ளத்தாலோ வரட்சியாலோ அழிந்த நிலத்தின் விஸ்தீரணத்தையும் சரிவர அறிதல் கமத்தொழிலுக்கு இன்றியமையாதது. பசளை மானியமும் பயிர்க் காப்புறுதி நட்டஈடும் செய்கை பண்ணப்பட்ட நிலத்தின் அளவைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிற் பெய்த பெருமழையால் கிழக்கிலும் வடக்கிலும் நெல்வயல்கள் நீரில் மூழ்கின. இத்தகைய காலங்களில் எடுக்கப்படும் கணக்கிற் பிழை நேருமாயின் அதனால் வரும் நட்டம் கமக்காரரையே சாரும்.

முன்னர் கடதாசிப் படிவங்களில் எழுதப்பட்ட இக்கணக்கு, இப்பொழுது ‘டெப்’ என்று வழங்கும் பலகைக் கணினியிற் பதியப்படுவது பெருகி வருகின்றது. கமக்காரர் அமைப்புக்களும் தம் அங்கத்தவரின் காணி விபரங்களைப் பதிந்து வைப்பதற்கு இக்கருவியை வாங்கலாம். ஆனால், வீட்டிற் படம் பார்ப்பதற்கு உகந்த கருவி வயலுக்கு உகந்ததாக இருக்குமென்று கொள்ளலாகாது. வாங்குமுன் பின்வருவன கவனிக்கப்படல் வேண்டும்.

வெயிலும் திரையும்

நண்பகல் வெயிலில் எழுத்துத் தெரியாத திரையாற் பயனில்லை. திரையின் ஒளி ‘நிட்ஸ்’ என்னும் அலகிற் கூறப்படும். சாதாரண டெப்புக்கள் பல 300 முதல் 400 நிட்ஸ் வரை ஒளி தருவன. நிழலுக்கு இது போதும். திறந்த வயலுக்குப் போதாது. 500 நிட்ஸுக்குக் குறையாததைத் தேடுதல் நன்று. கடையின் உள்ளே நின்று பார்த்துத் தீர்மானியாது, கருவியை வெளியே வெயிலிற் கொண்டு வந்து பார்த்தல் வேண்டும். எட்டு அங்குலத் திரை ஒரு கையிற் பிடித்து வரம்பில் நடப்பதற்கு வசதியானது.

தூசியும் நீரும்

வலிகாமத்துச் செம்மண் தூசியும் மாரி மழையும் கருவியின் துளைகள் வழியே உட்புகுந்து அதனைக் கெடுக்கும். இவற்றைத் தாங்கும் வன்மை ‘ஐ.பி.’ என்னும் எழுத்துக்களையும் இரண்டு இலக்கங்களையும் கொண்டு குறிக்கப்படும். முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் நீரையும் பற்றியது. முதல் இலக்கம் 6 ஆயின் தூசி உட்புகாது. இரண்டாவது இலக்கம் 5 ஆயின் பீச்சியடிக்கும் நீரையும், 7 ஆயின் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடப்பதையும் கருவி தாங்கும். இவ்விலக்கம் இல்லாத கருவி மழையில் வெளியே எடுக்கத் தகாதது.

‘மில்-எஸ்ரிடி-810’ என்னும் இராணுவச் சோதனைப் பெயரும் விளம்பரங்களிற் காணப்படும். இது விழுதல், அதிர்தல், வெப்பம் முதலிய பல சோதனைகளின் தொகுதி. இவற்றுள் எவற்றைச் செய்தனர் என்பதை உற்பத்தியாளரே கூறுவர். அதற்கெனச் சான்றிதழ் வழங்கும் பொது நிறுவனம் கிடையாது. ஆகவே, எத்தனை அடி உயரத்திலிருந்து விழுத்திச் சோதிக்கப்பட்டது என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

பற்றரி

திரையை முழு ஒளியில் வைத்து நாள் முழுதும் வேலை செய்தால் பற்றரி விரைவில் இறங்கும். 5,000 மில்லி அம்பியர் மணிக்குக் குறைந்த பற்றரியுள்ள கருவி ஒரு நாள் வேலைக்குப் போதாது. மின்சாரம் எட்டாத இடங்களுக்குச் செல்வோர் 10,000 அளவுள்ள பவர் பாங்க் ஒன்றையும் கொண்டு செல்க. அதில் எழுதியுள்ள அளவு முழுவதும் கைக்கு வராது. 5,000 அளவுள்ள டெப்பை ஒரு முறை நிறைத்துச் சிறிது மிச்சம் தரும் என்றே கணக்கிடல் வேண்டும். சூடேறிய கருவியை வெயிலில் வைத்து மின்னேற்றினால் பற்றரியின் ஆயுள் குறையும்.

கழற்றி மாற்றக்கூடிய பற்றரி மிகவும் விரும்பத்தக்கது. சாம்சுங் நிறுவனத்தின் ‘கலக்ஸி டெப் அக்டிவ்’ வரிசையில் 2020இலும் 2024இலும் வெளிவந்த எட்டு அங்குலக் கருவிகள் இவ்வகையின.

நிலத்தை அளத்தல்

கருவியைக் கையிற் பிடித்து வரம்பைச் சுற்றி நடந்தால், ஜி.பி.எஸ். துணையால் விஸ்தீரணத்தைக் கணிக்கலாம். இதற்குத் தொலைபேசி அலை வேண்டியதில்லை. திறந்த வானமே வேண்டும். சிம் இடமில்லாத டெப்புக்கள் சிலவற்றில் ஜி.பி.எஸ். வாங்கியே இராது. வாங்குமுன் இதைக் கட்டாயம் கேட்டறிதல் வேண்டும்.

இம்முறை சிறு நிலங்களுக்குப் பொருந்தாது. திறந்த வெளியிலும் சாதாரண ஜி.பி.எஸ். சில மீற்றர் தவறக்கூடும். மரங்களின் கீழ் அது மேலும் தவறும். கால் ஏக்கர், அதாவது யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு, சதுரமாயின் ஒரு பக்கம் ஏறத்தாழ 32 மீற்றர் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் 2 மீற்றர் கூடினால், விஸ்தீரணம் நூற்றுக்கு 13 பங்கு கூடிவிடும். அதே பிழை ஐந்து ஏக்கர் நெற்காணியில் நூற்றுக்கு 3 பங்களவே ஆகும். பிழை குறைவாக நேர்ந்தால் நட்டமும் அவ்வாறே கமக்காரருடையதாகும். ஆதலால் வெங்காயம், மிளகாய் முதலியன நட்ட சிறு தோட்டங்களை நாடாவினால் அளந்து, அவ்வளவையே டெப்பிற் பதிதல் நன்று.

அலை இல்லாத இடம்

படுவான்கரையிலும் வன்னியின் காட்டோரக் கிராமங்களிலும் தொலைபேசி அலை எங்கும் சீராகக் கிடைப்பதில்லை. பதிந்த விபரத்தைக் கருவியிலேயே சேமித்து, அலை கிடைத்த பின் அனுப்பும் செயலியே அங்கு உதவும். ஓ.டி.கே., கோபோ, உலக வங்கியின் ‘சேர்வே சொலூஷன்ஸ்’ என்பன இவ்வகையின. இவை அன்ட்ரொயிட் கருவிகளில் இயங்குவன. இவ்வேலைக்கு மிக விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் போதுமானவை. சேமித்த விபரத்தை அன்றன்றே வேறோரிடத்தில் பிரதி செய்து வைத்தல் வேண்டும். கருவி உடைந்தால் வேறொன்று வாங்கலாம். வெள்ளம் வடிந்த பின் அழிந்த பயிரை மீண்டும் எண்ண இயலாது.

விலையும் திருத்தமும்

வயலுக்கெனச் செய்யப்பட்ட வலிய டெப்பின் விலை சாதாரண டெப்பின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். போகத்துக்குச் சில நாள் மட்டும் வேலையுள்ள அமைப்பு, திரை ஒளி மிகுந்த சாதாரண டெப்பை வாங்கி, தடித்த இறப்பர் உறையும் திரைக் கண்ணாடியும் இட்டுப் பாவித்தல் சிக்கனமாகும். நாள்தோறும் வயலுக்குச் செல்வோருக்கு வலிய கருவியே முடிவில் மலிவானது. எதுவாயினும், அதன் திரையும் பற்றரியும் அண்மையிலுள்ள நகரத்திற் கிடைக்குமா என்று விசாரித்த பின்பே பணம் கொடுத்தல் வேண்டும். சிம் இடும் கருவியாயின், அதன் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதிவானதா என்பதையும் அறிதல் வேண்டும்.

ஒரு நாட் சோதனை

பல கருவிகளை வாங்கவிருப்போர் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, ஒரு நாள் வயலிற் சோதித்தல் வேண்டும்.

1. நண்பகலில் திரையை வாசித்துப் பார்க்க.

2. உறுதியில் அளவு குறிக்கப்பட்ட, எல்லை தெளிவான காணியொன்றைச் சுற்றி நடந்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிடுக.

3. சிம்மைக் கழற்றி ஒரு படிவத்தை நிரப்பி, கருவியை அணைத்து, மீண்டும் இயக்கி, விபரம் இருக்கின்றதா என்று பார்க்க.

4. மாலையிற் பற்றரியில் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதைக் குறித்துக் கொள்க.

இந்நான்கிலும் தேறிய கருவியையே மேலும் வாங்குக.

கமக்காரர் செய்யவேண்டியது

காணி விபரமும் அடையாள அட்டை இலக்கமும் அடங்கிய கருவி இரகசியக் குறியீட்டாற் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். அளக்க வந்தவர் வயலை விட்டுச் செல்லுமுன், திரையிலுள்ள பெயரையும் ஏக்கர், பேர்ச் அளவையும் கமக்காரர் தாமே வாசித்தோ வாசிக்கக் கேட்டோ சரிபார்த்தல் வேண்டும். பிழை காணின் அவ்விடத்திலேயே நாடா பிடித்து மீள அளக்கச் செய்க. அனுப்பப்பட்ட பின் திருத்துவது அரிது. வரம்பில் நிற்கும்போது திருத்துவது எளிது.