காட்டுக்குள் நுழையும் முன் ஒரு புகை

கங்காரு என்ற சொல் தமிழுக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்துக்கு அதைக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வாழும் கூகு யிமிதிர் என்ற பூர்வகுடி மக்கள். 1770-ல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் ‘எண்டவர்’ கப்பல் பவளப்பாறையில் மோதிச் சேதமானது. இன்றைய குக்டவுன் நகரம் இருக்கும் ஆற்றங்கரையில் சுமார் ஏழு வாரம் நிறுத்திச் செப்பனிட்டார்கள். அப்போது காதில் விழுந்து குறிப்பேட்டில் ஏறிய சொல் அது.

அதே கரையில் ஒரு சண்டையும் மூண்டது. கப்பல்காரர்கள் கடலாமைகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒன்றைத் தரும்படி அந்த மக்கள் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கோபம் கொண்ட மக்கள் முகாமைச் சுற்றிப் புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் துப்பாக்கியால் சுட்டதில் ஒருவர் காயமடைந்தார். கடைசியில் ஒரு முதியவர் முனை ஒடிந்த ஈட்டியுடன் வந்து சமாதானம் செய்தார். வந்தவர்கள் கேட்காமல் எடுத்ததும், எடுத்ததைப் பகிராததும்தான் அந்தச் சண்டைக்குக் காரணம். குயின்ஸ்லாந்தில் இன்று வளர்ந்துவரும் பூர்வகுடிப் பண்பாட்டுச் சுற்றுலாவின் அடிப்படை அந்தச் சண்டை தரும் பாடம்தான்: மண்ணுக்குரியவரைக் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

நிலம் யாருடையது?

இந்த மாநிலத்தில் அபோரிஜினல் மக்கள், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் என இருவேறு பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். ஆங்கிலேயர் வந்தபோது ஆஸ்திரேலியா உரிமையாளர் இல்லாத நிலமாக இருந்தது என்ற வாதத்தை 1992-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரித்தது. டோரஸ் நீரிணையிலுள்ள மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கு அது. அடுத்த ஆண்டே பூர்விக நில உரிமைச் சட்டம் நிறைவேறியது. குயின்ஸ்லாந்தின் ‘பிரேசர் தீவு’ 2023-ல் புட்சுல்லா பூர்வகுடி மக்கள் வழங்கும் ‘காரி’ என்ற பெயரை மீண்டும் பெற்றது. 2021 செப்டம்பரில் டெய்ன்ட்ரீ உள்ளிட்ட நான்கு தேசியப் பூங்காக்கள், 1,60,000 ஹெக்டேருக்கும் மேல், கிழக்கு குகு யலஞ்சி மக்களிடம் திரும்பின. மாநில அரசுடன் சேர்ந்து அவர்கள் அவற்றை நிர்வகிக்கிறார்கள்.

ஒரு நடை

கெய்ன்ஸ் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 80 கி.மீ. தொலைவில் மாஸ்மன் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே குகு யலஞ்சி வழிகாட்டி நம்மை உடனே காட்டுக்குள் கூட்டிப் போவதில்லை. முதலில் சிறு நெருப்பு மூட்டி, அதில் இலைகளைப் போட்டுப் புகை எழுப்புகிறார். வந்தவர்கள் அந்தப் புகையைச் சுற்றி நடக்க வேண்டும். முன்னோருக்கு விருந்தினரை அறிமுகப்படுத்தும் சடங்கு இது.

பிறகு நடை. ஒரு மரத்தின் இலையைப் பறித்து, தண்ணீர் விட்டுக் கசக்கினால் கையில் நுரை பொங்குகிறது. நம் பூந்திக்கொட்டையில் இருக்கும் சாபோனின்தான் அதிலும் இருக்கிறது. நச்சு விதைகளைச் சுட்டு, சீவி, ஓடும் நீரில் ஊறவைத்து உணவாக்கிய முறையையும் சொல்கிறார்கள். பொறுமையாகப் பார்த்துப் பார்த்துத் தலைமுறைகள் சேர்த்த அறிவு அது. அதை அந்தக் குடியினர் வாயாலேயே கேட்பதற்கு ஈடு இல்லை.

போகிறவர்கள் கவனிக்க

சுற்றுலாவை நடத்துவது யார், வருமானம் யாருக்குப் போகிறது என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். படம் எடுக்க அனுமதி பெறுங்கள். புனித இடம் என்று சொன்னால் விலகி நில்லுங்கள். பூர்வகுடி பாணியில் விற்கும் நினைவுப் பொருள்களில் பெரும்பகுதி அவர்கள் செய்ததல்ல. செய்த கலைஞரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நவம்பர் முதல் மே வரை கடலில் நச்சு ஜெல்லி மீன்கள் இருக்கும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள நீர்நிலையில் எந்த மாதத்திலும் இறங்கக் கூடாது.

1770-ல் வந்தவர்கள் கேட்கவில்லை. இன்று போகிறவர்கள் கேட்கலாம். கேட்டுவிட்டு நுழையுங்கள், அந்த மண் தன்னைக் காட்டித்தரும்.