வகுப்பில் ஒருவனை எல்லோரும் ஓட்டும்போது, உங்க பிள்ளை என்ன செய்யணும்?

"இன்னைக்கும் அவனை எல்லாரும் சேர்ந்து ஓட்டினாங்கம்மா." பள்ளி விட்டு வந்த பிள்ளை இப்படிச் சொன்னால், நம் வாயில் முதலில் வருவது: "உனக்கு எதுக்கு வம்பு? நீ படிக்கிற வேலையைப் பாரு."

பயத்தில்தான் சொல்கிறோம். ஆனால் நாளைக்கு அதே கும்பல் நம் பிள்ளையைச் சுற்றி நின்றாலும், அதை வீட்டில் சொல்லாமல் இருக்க இப்படித்தான் பழகுகிறது.

நம் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொந்தரவு பற்றிப் பள்ளியில் சொன்ன மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். அவருடைய தங்கையும் காயமடைந்தார். அதனால், "நீ போய்த் தட்டிக்கேளு" என்று பிள்ளையை ஏவிவிடாதீங்க. அடிதடிக்கு நடுவில் நுழையவே வேண்டாம். ஓடிப்போய் ஆசிரியரைக் கூப்பிடட்டும்.

ஆனால் சிரிக்காமல் இருக்கலாமே. கேலி செய்பவனுக்குத் தீனியே சுற்றி நிற்பவர்களின் சிரிப்புதான். "வாடா, சார் கூப்பிடுறாரு" என்று சொல்லி, மாட்டிக்கொண்டவனை அங்கிருந்து கூட்டிவரலாம். மதியம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். இதை வீட்டில் ஒருமுறை நடித்துப் பாருங்க. நீங்க கேலி செய்பவராக இருங்க. சும்மா சொல்லிக்கொடுத்தால் அந்த நேரத்தில் வாயே வராது.

வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால்? யாருக்கும் அனுப்பாமல் உங்களிடம் காட்டச் சொல்லுங்க.

பிள்ளைகளுக்குப் பெரிய தயக்கம், "போட்டுக்கொடுக்கிறவன்" என்ற பெயர் வந்துவிடுமோ என்பதுதான். ஒருத்தனை மாட்டிவிடச் சொல்வது வேறு, ஒருத்தனைக் காப்பாற்றச் சொல்வது வேறு என்று புரியவையுங்க. சாதி, நிறம், உடம்பு, அப்பா அம்மா செய்யும் வேலை, இதையெல்லாம் வைத்து வரும் பேச்சை "சும்மா விளையாட்டுக்கு" என்று விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பிள்ளை சொன்னதைத் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டியது நீங்கதான். "என் பையன் பெயர் வெளியே வர வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்க. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. மாணவர்கள் எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பெற்றோரும் பேசலாம், பிள்ளைகளும் பேசலாம்.